சுவரைத் தொடாமல் வாங்கிய பதக்கம்

சென்னையில் ஒரு நீச்சல் குளம். நாலாம் லேனின் முடிவில் நான் நின்றுகொண்டிருக்கிறேன். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, கையில் ஸ்டாப்வாட்சைப் பிடித்திருக்கிறேன். குளோரின் வாசம் மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்கிறது. மாநிலப் போட்டி, பெண்கள் ஐம்பது மீட்டர், ஒரே நீளம்.

என் லேனில் வருகிறவள் எங்கள் மாவட்டப் பெண் பூங்கொடி. தண்ணீரை அடிக்கிறாள் என்று சொல்ல முடியாது, கிழிக்கிறாள். முதல் மூன்று பேரில் அவள் இருக்கிறாள் என்பது எனக்கு மேலிருந்தே தெரிகிறது.

இன்னும் ஒரு முழம். கையை நீட்டினால் சுவர். அந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள். தலையைத் தூக்கி, கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். சுவரைத் தொடவில்லை.

என் கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை அமுக்கிவிட்டது.

இது நடந்து இருபது வருஷம் இருக்கும். கூடக் குறைய இருக்கலாம், நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. இப்போது எதற்கு அது என்றால், எங்கள் மாவட்ட அமெச்சூர் நீச்சல் சங்கத்துக்கு ஒருவழியாகச் சொந்தக் குளம் வருகிறது. திறப்பு விழாவுக்குச் சிறப்பு மலர் ஒன்று அச்சடிக்கிறார்கள். சங்கத்தின் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம், வெள்ளிக்கிழமைக்குள். அதில் ‘நம் முதல் பதக்கம்’ என்று ஒரு முழுப் பக்கம்.

பத்து நாளாக ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். “உக்காந்து எழுதுங்க, இல்லாட்டி எழுதறதில்லைன்னு சொல்லிப்போட்டுப் படுங்க. எனக்குத் தலை சுத்துது” என்கிறாள் என் மனைவி. இரண்டுமே என்னால் முடியவில்லை.

குளம் இல்லாத சங்கம்

சேலத்திலிருந்து நாமக்கல் பிரிந்து தனி மாவட்டமான புதிதில் எல்லா விளையாட்டுக்கும் தனிச் சங்கம் தொடங்கினார்கள். கபடிக்கு அடிதடி, வாலிபாலுக்குப் போட்டி. நீச்சலுக்கு ஆளில்லை. நான் அப்போது வேலை பார்த்த லாரி புக்கிங் ஆபீசின் பின்னறையில் ஐந்து பேர் கூடினோம். அதில் நீச்சல் குளத்தைக் கண்ணால் கண்டவர் ஒருவர்தான், அதுவும் சினிமாவில்.

என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். காரணம், டைப்ரைட்டர் என் மேசையில் இருந்தது. அமெச்சூர் என்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். சம்பளம் கிடையாது என்று அர்த்தம் என்றேன். அப்படியானால் நாம் எல்லாரும் அதுதான் என்று டீ சொன்னார்கள்.

தலைவர் திருச்செங்கோட்டு ரிக் முதலாளி. பெயர் தங்கமுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊராக போர்வெல் போட்டுக் கிணறுகளை வற்ற வைத்தவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கிணறுகளில் நீச்சல் பழகியவர்களின் சங்கத்துக்கு அவரே தலைவர். இதை அவரிடமே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். “அதனாலதானுங்க செயலாளரே, ஒரு குளம் கட்டிக் குடுத்துட்டுத்தான் சாகோணும்னு இருக்கறேன்” என்றார். இன்றைக்குக் குளம் வந்திருக்கிறது என்றால் பாதி அவரால்தான்.

மோட்டார் நிறுத்திய கிணறு

எங்கள் மாவட்டப் போட்டிகள் எருமப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் நடந்தன. சதுரக் கிணறு, அறுபதடிக்கு அறுபதடி. மற்ற சங்கங்களுக்கு ஆண்டுவிழாத் தேதியைத் தலைவர் முடிவுசெய்வார். எங்களுக்கு மழை முடிவுசெய்யும். கார்த்திகையில் தண்ணீர் மேலேறி வந்தால் போட்டி, வராவிட்டால் அடுத்த வருஷம்.

லாரியில் பாரம் கட்டுகிற கயிற்றை எடுத்து, காலி ஆயில் கேன்களைக் கோத்து லேன் பிரித்தோம். போட்டி நடுவில் த்ரீ பேஸ் கரண்ட் வந்துவிடும். தோட்டக்காரர் மேட்டிலிருந்து கத்துவார். “ஏனுங்க, கரண்டு ரெண்டு மணி நேரந்தானுங்க இருக்கும். மஞ்சக் காடு காயுது. உங்க நீச்சலை அப்பறமேல்ட்டு வெச்சுக்கலாமுங்களே.” நீந்த வந்தவர்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு மேலேறி உட்காருவார்கள். மோட்டார் ஓடி முடியும். தண்ணீர் அரையடி இறங்கியிருக்கும். மறுபடி விசில் ஊதுவேன்.

இந்தப் பத்திரிகையில் வாராவாரம் எழுதுகிறேனே, அதில் இந்த வாரக் கதைக்கு முக்கியமானது இனிமேல் சொல்லப்போவது. எங்கள் பக்கத்துக் கிணற்றில் நீச்சல் பழகுகிற குழந்தைக்கு முதலில் சொல்லித் தருவது கையடிப்பதையோ காலடிப்பதையோ அல்ல. சுவரில் கை வைக்காதே என்பதைத்தான். கல்கட்டுச் சந்து முழுக்கப் பாம்பு. படி இருக்கிற பக்கம் ஏறலாம், மற்ற மூன்று பக்கமும் கை போகக் கூடாது.

முதல் வருஷப் போட்டியில் ஒருவன் வேகமாக வந்து எதிர்ச்சுவரில் கையை அறைந்தான். சந்திலிருந்து ஒரு பாம்பு வழுக்கி அவன் தோளில் விழுந்தது. வெறும் தண்ணீர்ப் பாம்புதான், ஆனால் கிணற்றில் இருந்த அத்தனை பேரும் ஒரே படியில் ஏறப் பார்த்ததில் இரண்டு பேருக்குப் பல் போனது.

அன்று சாயங்காலமே விதி எழுதினேன், என் கையால், என் டைப்ரைட்டரில். எதிர்ச்சுவருக்கு ஒரு முழம் முன்னால் குறுக்கே கயிறு கட்டப்படும். கயிற்றடியில் வந்து தலையைத் தூக்கினால் போட்டி முடிந்தது. சுவரைத் தொட்டால் தகுதி நீக்கம். அந்தத் தாளைப் பல வருஷம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். உலகத்திலேயே சுவரைத் தொடுகிறவனைத் தகுதி நீக்கம் செய்த ஒரே நீச்சல் சங்கம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பூங்கொடி

அந்த விதியில் வளர்ந்தவள்தான் பூங்கொடி. கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற வேலை. அப்போது இருபத்திரண்டு வயதிருக்கும். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றிலாவது மோட்டார் குழாயின் அடியிலிருக்கும் ஃபுட்வால்வு அடைத்துக்கொண்டால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மூச்சைப் பிடித்து அடியில் போய்ச் சேற்றை வழித்துவிட்டு வருவாள். யாரும் அவளுக்கு நீச்சல் சொல்லித் தரவில்லை. நானும் தரவில்லை, எனக்கே சுமாராகத்தான் வரும்.

மூன்று வருஷமாக எங்கள் மாவட்டம் மாநிலப் போட்டியில் ஒரு இடமும் வாங்கவில்லை. இந்த முறையும் ஒன்றும் இல்லையென்றால் அங்கீகாரம் நீட்டிக்கப்பட மாட்டாது என்று மாநிலச் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அங்கீகாரம் போனால் சங்கம் போச்சு. குளம் கேட்டு நாங்கள் அலைந்துகொண்டிருந்த மனுவும் போச்சு. அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் சென்னைக்கு பஸ் ஏறினேன்.

போகிற வழியில் பொட்டலத்தைப் பிரித்துப் புளிசோறு சாப்பிடும்போது சொன்னேன்: “அம்மிணி, அங்க கயிறு இருக்காது. சுவத்தத் தொடோணும். தொட்டாத்தான் கணக்கு.”

“சரிங்கண்ணா” என்றாள்.

அவ்வளவுதான். ஒரு தடவை, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு. ஐந்து வயதிலிருந்து உடம்பில் ஏறிய பயத்தை அந்த ஒரு வாக்கியம் இறக்கிவிடும் என்று நினைத்த என்னை என்ன சொல்வது?

அந்த ஒரு முழம்

போட்டியில் நேரம் பார்க்க ஆள் போதவில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் ஒருவரைக் கேட்டார்கள். நான் போய் நின்றேன். லேனுக்கு ஒருவர். என்னை நாலாம் லேனுக்கு அனுப்பியபோது, அதில் நீந்துவது எங்கள் பெண், நான் அங்கே நிற்கக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவளைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று சந்தோஷப்பட்டேன். அது மட்டும்தான் அந்த நேரத்தில் மனதில் இருந்தது. இதை நம்புவது உங்கள் விருப்பம்.

அவள் ஒரு முழம் முன்னால் நின்று தலையைத் தூக்கினாள். விரல் அமுக்கிவிட்டது. பல வருஷக் கிணற்றுப் பழக்கம், எனக்கும்தான். கயிற்றடியில் தலை தெரிந்தால் அமுக்க வேண்டும். விரலை நான் மன்னித்துவிட்டேன்.

மற்ற லேன்களில் கைகள் படபடவென்று சுவரில் விழுந்தன. பூங்கொடி சுற்றும் முற்றும் பார்த்தாள்.

“கயித்தக் காணமுங்கண்ணா” என்றாள்.

“கைய வை, அம்மிணி” என்றேன் பல்லுக்கிடையில். அவள் தயங்கித் தயங்கி, கொதிக்கிற பாத்திரத்தைத் தொடுவதுபோல் இரண்டு விரலைச் சுவரில் வைத்தாள். அதற்குள் ஐந்தாறு பேர் முடித்துவிட்டார்கள்.

முடிவு நடுவர் அட்டையுடன் வந்தார். தண்ணீர் தெறித்ததில் அவருக்கு நடு லேன்கள் சரியாகத் தெரியவில்லை போலும். என்னைப் பார்த்துக் கேட்டார்: “நாலு தொட்டாச்சா?”

அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் நேரம் இருந்தது. தாராளமாக இருந்தது. சட்டைப்பையில் கடிதம் இருந்தது.

“தொட்டாச்சு” என்றேன்.

ஸ்டாப்வாட்சைக் காட்டினேன், தாளில் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் இடம். வெண்கலப் பதக்கம். எங்கள் மாவட்டத்தின் முதல் பதக்கம்.

திரும்பி வரும்போது பஸ் நின்ற இடத்தில் ஒரு கிலோ இனிப்பு வாங்கி, பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். பூங்கொடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அங்கீகாரம் நீடித்தது. மனுவும் உயிரோடு இருந்தது.

கண்ணாடிப் பெட்டி

குளத்தின் வாசலில் கண்ணாடிப் பெட்டி செய்து அந்தப் பதக்கத்தை வைக்க வேண்டும் என்று தலைவர் ஆசைப்பட்டார். வாங்கி வரும் வேலை எனக்கு. பூங்கொடி கல்யாணமாகிக் கெங்கவல்லிக்குப் போய்விட்டாள். சேலத்துக்கு ஒரு பஸ், ஆத்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஒன்று. மூன்று பஸ்ஸிலும் உட்கார இடம் கிடைத்தும் பாதித் தூரம் நின்றுகொண்டே போனேன். கண்டக்டர் ஒருவர், “பெருசு, சீட்ல முள்ளா இருக்கு?” என்று கேட்டேவிட்டார்.

மக்காச்சோளக் காட்டை ஒட்டி மாவு மில். அவள்தான் நடத்துகிறாள். புருவம் வரை மாவு படிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினாள்.

“வாங்கண்ணா. எத்தன வருசமாச்சு! ஊட்டுல அண்ணி நல்லா இருக்காங்களா?”

மோர் கொடுத்தாள். குளத்தைப் பற்றிச் சொன்னேன், கண்ணாடிப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அவள் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“பதக்கம் இங்க இல்லீங்கண்ணா.”

“தொலைஞ்சு போச்சா?”

“இல்லீங்க. குடுத்துட்டனுங்க. யாருதோ அவிங்ககிட்டக் குடுத்துட்டன்.”

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். அவளே சொன்னாள். அன்று சர்டிபிகேட்டோடு கொடுத்த முடிவுத் தாளில் நாலாவது பெயர் ஜெசிந்தா. கடலோர மாவட்டத்துப் பெண். பல வருஷம் கழித்து, பூங்கொடியின் மகன் பள்ளிப் போட்டிக்குப் போனபோது அங்கே ஒரு பள்ளியின் விளையாட்டு ஆசிரியையாக அந்தப் பெண் வந்திருந்தாள். பெயரைக் கேட்டதும் பூங்கொடிக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த மாதமே பதக்கத்தை எடுத்துக்கொண்டு ஜெசிந்தாவின் ஊருக்கே போய்க் கொடுத்துவிட்டாள்.

“வாங்கிக்கிட்டாங்களா?”

“வேண்டாம், நீயே வெச்சுக்கன்னு சொல்லுவாங்கன்னு நெனச்சனுங்க. சொல்லலீங்க. கைய நீட்டி வாங்கிக்கிட்டாங்க.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அம்மிணி.”

அவள் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“அன்னிக்கு பஸ்ஸுல நீங்க கேப்பீங்கன்னு ஊரு வர்ற வரைக்கும் இருந்தனுங்கண்ணா. ‘திரும்பிப் போய்ச் சொல்லீரலாமா’ன்னு நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா, சரின்னிருப்பனுங்க. எனக்குத் தனியாச் சொல்லத் தைரியம் இல்ல. நீங்க முட்டாய் வாங்கிக் குடுத்தீங்க.”

யாரோ சோளம் அரைக்க வந்தார்கள். அவள் எழுந்து மிஷினைப் போட்டாள். கிளம்பும்போது ஜெசிந்தாவின் போன் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். நான் கேட்கவில்லை.

“புதுசா ஒண்ணு அடிச்சரலாமுங்க”

தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருபது வருஷத்தில் முதல்முறையாக இன்னொருவரிடம் சொன்னது. அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: “இதுக்கா இப்பிடிக் கெடந்து தவிக்கிறீங்க? செவ்வாய்ப்பேட்டையில நம்ம வெள்ளிப்பட்டறைக்காரர்கிட்டச் சொன்னா ரெண்டு நாள்ல அச்சா அதே மாதிரி ஒண்ணு அடிச்சுத் தருவாருங்க. புதுசா அடிச்சரலாமுங்க. எவன் வந்து உரசிப் பாக்கறான்?”

“பதக்கத்த அடிச்சரலாமுங்க. அந்தப் பக்கத்த நாந்தான எழுதோணும்?”

“செயலாளரே, அந்தப் பதக்கத்தாலதான் அங்கீகாரம் பொழச்சுது. அங்கீகாரத்தாலதான் குளம் வந்துச்சு. இத்தனை கொழந்தைக வந்து நீந்தப் போகுது. அதுல மண்ணள்ளிப் போடப் போறீங்களா?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என்னை இன்னும் நடக்க வைத்தது. சங்கத்தைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அதே சமாதானத்தை இன்னொருவர் வாயால் கேட்டபோது அருவருப்பாக இருந்தது.

பூங்கொடிக்குப் போன் செய்து, உள்ளதை உள்ளபடி எழுதலாமா என்று கேட்டேன். “என்ற பேரையும் போட்டே எழுதுங்கண்ணா” என்றாள். அந்தச் சர்டிபிகேட்டை அவள் எந்த வேலைக்கும் எந்தச் சலுகைக்கும் நீட்டியதில்லை. அதையும் எழுதச் சொல்லிவிட்டு வைத்தாள்.

ஐந்தாம் லேன்

மிச்சம் இருந்தது அந்தத் துண்டுத் தாள். மூன்று நாள் அதை மேசையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினேன். நேற்றுச் சாயங்காலம் எண்களை அழுத்தினேன்.

பெயரைச் சொன்னேன், மாவட்டத்தைச் சொன்னேன். உங்கள் பெயரை எழுத அனுமதி வேண்டும் என்றேன். மன்னிப்புக் கேட்க நான்கைந்து வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அவர் இடையில் நிறுத்தினார்.

“நீங்க எந்த லேன்ல நின்னீங்க, சார்?”

“நாலு, மேடம்.”

“நான் அஞ்சு.”

நடந்துகொண்டே பேசியவன் நின்றுவிட்டேன்.

“நான் சுவத்துல கைய வச்சுக்கிட்டு உங்களத்தான் அண்ணாந்து பாத்துட்டு இருந்தேன், சார். அந்தப் பொண்ணு தொடலைன்னு பாத்தேன். நடுவர் கேட்டப்ப நீங்க தொட்டாச்சுன்னு சொன்னதையும் கேட்டேன். நான் வாயத் தெறக்கறதுக்குள்ள நீங்க என் பக்கம் குனிஞ்சு, ‘நல்லா நீந்துனே, கண்ணு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்’னு சொன்னீங்க. பெரியவங்க, ஆபீசர் வேற. நான் பேசாம ஏறிட்டேன்.”

அந்தப் பக்கம் பள்ளி மைதானம் போலிருந்தது, பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

“மூணு எடத்துக்குள்ள வந்தா மேல்போட்டிக்கெல்லாம் அனுப்புறோம்னு வீட்ல சொல்லியிருந்தாங்க. அதுதான் நான் கடைசியா நீந்துன போட்டி. எழுதுங்க சார். என் பேர சரியா எழுதுங்க.”

ஜெசிந்தா. நம் மாவட்டத்துப் பெண் அல்ல. அந்த வருஷம் பெண்கள் ஐம்பது மீட்டரில் மூன்றாவதாகச் சுவரைத் தொட்டவர். நம் சங்கத்துக்கு அந்த வருஷம் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. மலருக்கு நான் கொடுக்கப்போகும் பக்கம் இவ்வளவுதான். போடுவார்களோ மாட்டார்களோ, இந்தப் பத்திரிகையில் அச்சாகிவிட்டது.

குனிந்து அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. போனை வைத்துவிட்டு மறுபடி மறுபடி யோசித்துப் பார்த்தேன். இருபது வருஷமாக அந்தக் காட்சியை எத்தனை ஆயிரம் தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருப்பேன். பூங்கொடியின் சிரிப்பு இருக்கிறது, நடுவரின் அட்டை இருக்கிறது, என் கட்டைவிரல் இருக்கிறது. ஐந்தாம் லேனில் ஒரு தடவைகூட யாரும் இருந்ததில்லை.